அம்பயரம்மா முதுகு காட்டினால்

புறமுதுகு காட்டுவது தோற்றவர்கள் செய்கிற வேலை என்பார்கள். அம்பயரம்மா விஷயத்தில் அது தலைகீழ். அவர் முதுகைக் காட்டினால், அதைப் பார்க்கிறவர்கள்தான் தோற்கப் போகிறார்கள்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சனிக்கிழமை காலைகளில் பதினான்கு வயதுக்குட்பட்ட பெண் பிள்ளைகள் சாஃப்ட்பால் ஆடுகிற மைதானம் அது. பேர்தான் சாஃப்ட்பால். பந்து முழங்காலில் பட்டால் மூன்று நாளைக்கு நொண்ட வேண்டும். மண்ணில் பதித்த ஒரு வெள்ளைப் பலகை, அதற்கு ஹோம் பிளேட் என்று பெயர். அதன் பக்கத்தில் மட்டையோடு ஒரு பெண் நிற்பாள். அவளுக்குப் பின்னால் கையுறையோடு குந்தியிருப்பவள் கேச்சர். கேச்சருக்கும் பின்னால், இரும்புக் கம்பி முகமூடி போட்டுக்கொண்டு, முக்கால் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி குனிந்து நிற்பவர் நம் அம்பயரம்மா.

பிளேட்டில் புழுதி படிந்தால் அம்பயர் ஒரு சின்னத் தூரிகையால் அதைத் துடைக்க வேண்டும். அப்படிக் குனியும்போது ஜனங்கள் பக்கம் பின்புறத்தைக் காட்டக் கூடாது. சுற்றி வந்து, பார்வையாளர் படிகளைப் பார்த்தபடி குனிவதுதான் மரியாதை. விதிப் புத்தகத்தில் இதெல்லாம் இல்லை. வழிவழியாக வந்த நாகரிகம், அவ்வளவுதான். அம்பயரம்மாவும் அப்படித்தான் செய்வார், ஜனங்கள் ஒழுங்காக இருக்கிற வரைக்கும். யாராவது வாய்க்கு வந்தபடி கத்தினால், பிளேட் பளிச்சென்று இருந்தாலும் சரி, தூரிகையை எடுப்பார். சுற்றி வரமாட்டார். நின்ற இடத்திலேயே குனிந்து, படிகளுக்கு முதுகைக் காட்டி, இல்லாத புழுதியை நிதானமாகப் பெருக்குவார். அதுதான் முதல் எச்சரிக்கை. பழைய ஆட்கள் பக்கத்தில் இருப்பவரின் முழங்கையை இடிப்பார்கள். "சும்மா இருய்யா, முதுகு வந்திருச்சு."

இரண்டாவது எச்சரிக்கைக்கு ஆட்டத்தை நிறுத்திவிட்டு, முகமூடியை நெற்றிக்கு ஏற்றி, தண்ணீர் குடிப்பார். சத்தம் அடங்குகிற வரை குடிப்பார். ஒரு தடவை பாட்டில் காலியான பிறகும் குடித்துக்கொண்டே இருந்தார் என்று கேள்வி. மூன்றாவது எச்சரிக்கை என்று ஒன்று கிடையாது. வாசல் கதவை நோக்கிக் கை நீளும். அந்த ஆசாமி வெளியே போகிற வரை அவருடைய பிள்ளையின் அணிக்கு ஒரு பந்துகூட வீசப்படாது. சொந்தப் பிள்ளையே "போப்பா" என்று துரத்துகிற காட்சியெல்லாம் அங்கே நடந்திருக்கிறது.

இவர் அம்பயரான கதை ரொம்பச் சின்னது. பதினோரு வருஷம் முன்னால் தன் மகளை ஆட்டத்துக்கு அழைத்து வந்தவர், படியில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அம்பயர் வரவில்லை. கமிட்டிக்காரர்கள் படிகளை ஒரு பார்வை பார்த்தார்கள். கத்தாமல் இருந்த ஒரே ஆள் இவர்தான். கத்தியைக் கீழே வைக்கச் சொல்லி முகமூடியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அந்த வருஷமே உட்கார்ந்து விதிகளை உருப்போட்டார். மகள் வளர்ந்து, படித்து, வேறு ஊருக்கு வேலைக்குப் போயும் ஆகிவிட்டது. இவர் மட்டும் பிளேட்டை விடவில்லை. கேட்டால், "அங்க குனிஞ்சு நிக்கும்போதுதான் என் முதுகுவலி போகுது" என்பார். எந்த வைத்தியரும் நம்பமாட்டார். ஆனால் அது உண்மை. வாரம் முழுக்க இருட்டறையில் வேலை செய்கிறவருக்கு அந்தச் சனிக்கிழமை வெயில்தான் உயிர்.

இருட்டறை என்றேன் அல்லவா? வேடிக்கை அங்கேதான் இருக்கிறது. அம்பயரைத் திட்ட உலகம் முழுக்க ஒரே வசவுதான். "கண்ணு தெரியலையா? போய்க் கண்ணாடி போடு!" அம்பயரம்மா வாரத்தில் ஐந்து நாள் என்ன வேலை செய்கிறார் தெரியுமா? கண்ணாடிக் கடையில், பின்பக்கத்து இருட்டறையில், ஊர் ஜனத்துக்குக் கண் பரிசோதித்து எண் எழுதிக் கொடுக்கிறார். ஒரு சின்ன விளக்கு, எதிரே எழுத்து வரிசை, வருகிறவர் மூக்கில் கனமான சோதனை பிரேம். அதில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "முன்ன தெளிவா, இப்பத் தெளிவா? நிதானமாப் பாருங்க. எது தெரியுதோ அதச் சொன்னாப் போதும்" என்று தாழ்ந்த குரலில் கேட்பார். தூங்குகிற குழந்தையைக்கூட எழுப்பாத குரல் அது. அதே தொண்டைதான் சனிக்கிழமை "அவுட்!" என்று கத்தும்போது மைதானத்துக்கு அப்பால் இருக்கிற சலவைக்கடைக்காரர் இஸ்திரிப்பெட்டியைத் தூக்கிவிடுவார்.

ஆகவே, படிகளில் உட்கார்ந்து "கண்ணு தெரியலையா?" என்று கத்துகிறவர்களில் பாதிப் பேருடைய கண் லட்சணம் அம்பயரம்மாவுக்கு மனப்பாடம். மூன்றாவது படி மாமாவுக்கு இடது கண் சும்மா பேருக்குத்தான். கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டே சாட்சி சொல்கிற அம்மாவுக்கு நேர்கோடு கொஞ்சம் சாய்ந்துதான் தெரியும். முகமூடிக்குள் அவர் சிரித்துக்கொள்வார், அவ்வளவுதான். வெளியே ஒரு வார்த்தை வராது. கடை முதலாளி வேலைக்குச் சேர்த்த நாளில் சொன்ன ஒரே விதி, இருட்டறையில் படித்தது இருட்டறையோடு. அவர் அதை விதியாகக்கூட நினைக்கவில்லை. பெரிய மனுஷர்கள் கீழ் வரிசை எழுத்து தெரியாமல் தடுமாறி, வெட்கப்பட்டு, ஊகித்துச் சொல்கிற இடம் அது. அதை வெளியே சொல்கிறவளுக்கு வாய் எதற்கு என்பது அவர் கட்சி.

இப்போது மெத்தைக்காரர் வருகிறார். வந்தால் சத்தத்தோடுதான் வருவார்.

மெத்தைக்காரர் கடைத்தெருவில் பெரிய மெத்தைக் கடை வைத்திருப்பவர். விற்பது மெத்தை, பேச்செல்லாம் ஆணி. அவருடைய பெண், நீலச்சட்டை அணியின் கேச்சர். எல்லா அணிகளுக்கும் சட்டை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. சும்மா சொல்லக் கூடாது, நல்ல துணி. ஆனால் ஒவ்வொரு சட்டையின் முதுகிலும் 'நிம்மதியான உறக்கத்துக்கு' என்று அச்சடித்து, கீழே கடையின் தொலைபேசி எண்ணையும் போட்டுவிட்டார். பிள்ளைகள் உயிரைக் கொடுத்து ஓடும்போது முதுகில் அந்த வாசகம் குலுங்கிக்கொண்டு போகும். "தூங்காம ஓடுங்கடீ!" என்று படிகளிலிருந்து குரல் வரும். படிகளின் கடைசியில், மூன்றாவது பேஸ் பக்கம் (ஓடுகிறவர்கள் ஹோம் பிளேட்டுக்குத் திரும்புமுன் கடைசியாகத் தொடுகிற மூலை), தன் கடைப் பதாகைக்குக் கீழேயே அவர் நாற்காலி போட்டிருப்பார். பிளேட்டுக்கும் அவருக்கும் நல்ல தூரம்.

அந்தத் தூரத்திலிருந்து ஒவ்வொரு பந்துக்கும் தீர்ப்பு சொல்வார். பிளேட்டுக்கு மேலே, முழங்காலுக்குக் கீழே போகாமல் மார்புக்குள் வருகிற பந்தை அடிக்காமல் விட்டால் அது ஸ்ட்ரைக், மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். "அது ஸ்ட்ரைக்! சரியான மட்டத்துல வந்துச்சு, நான் பார்த்தேன்!" "அம்பயர், முகமூடியக் கழட்டிட்டுப் பாருங்க!" அம்பயரம்மாவுக்கு இதெல்லாம் பழகியதுதான். பழகாதது ஒன்று உண்டு. மெத்தைக்காரர் கத்தும்போதெல்லாம், முன்னால் குந்தியிருக்கும் கேச்சர் பெண்ணின் இரண்டு தோளும் காதுவரை ஏறும். ஒரு முழம் தள்ளி நிற்கிறவருக்கு அது தெரியாமல் போகுமா? முகமூடிக்குள்ளிருந்து அந்தப் பெண் முணுமுணுப்பாள். "ஸாரி ஆன்ட்டி."

"நீ பந்தப் பாரு," என்பார் இவர்.

அந்தத் தோள்களுக்காகத்தான் அவர் அந்த வருஷம் மெத்தைக்காரரை இரண்டு தடவை வாசலுக்கு அனுப்பினார். முதல் தடவை மெத்தைக்காரர் வேலிக்கு வெளியே போய் நின்று கத்தினார். இரண்டாவது தடவை, வெளியே இருந்த தன் மெத்தை வண்டிமேல் ஏறி நின்று கத்தினார்.

அதற்கப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை, மெத்தைக்காரரின் மனைவி அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கண்ணாடிக் கடைக்குக் கூட்டி வந்தார். "வீட்டுக்கு எதிர்ல நிக்கிறது யாருன்னு தெரியாமலே கை ஆட்டுறாருங்க. வண்டி ஓட்டுறதுகூட இப்ப நான்தான்."

இருட்டறையில் வந்து உட்கார்ந்தவருக்கு எதிரே வெள்ளைக் கோட்டுப் பெண் யார் என்று தெரியவில்லை. எப்படித் தெரியும்? மைதானத்தில் அவர் பார்த்ததெல்லாம் ஒரு கறுப்பு முகமூடியும் கலங்கிய நீல உருவமும்தான். அம்பயரம்மாவோ சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டு, சோதனை பிரேமை அவர் மூக்கில் ஏற்றினார்.

மெத்தைக்காரர் மூன்றாவது வரிசையிலேயே மூச்சு வாங்கினார். நான்காவது வரிசையை ஊகித்தார். ஊகத்துக்கு நடுவே ஆறுதலாகப் பேச்சுக் கொடுத்தார். "என் கண்ணுக்கெல்லாம் ஒண்ணுமில்ல மேடம். சனிக்கிழமை கிரவுண்டுக்கு வந்து பாருங்க. அங்க ஒரு அம்பயர் இருக்கு. அந்தம்மாவுக்குத்தான் மொதல்ல கண்ணாடி போடணும். சுத்தமாத் தெரியல."

"அப்படிங்களா? அடுத்த வரி படிங்க," என்றார் அம்பயரம்மா.

வலது கண் மைனஸ் இரண்டு. இடது இரண்டே கால். அட்டையில் எழுதிக் கொடுத்து, "கண்ணாடி புதுசா இருக்கும்போது தலை கொஞ்சம் சுத்தும். ஒரு வாரத்துல பழகிடும்," என்று எல்லாரிடமும் சொல்கிறதை அவரிடமும் சொன்னார். மெத்தைக்காரர் அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "கண்ணாடி போட்டா வயசான களை வந்திரும் மேடம். நம்ம வியாபாரத்துக்கு ஆகாது," என்று எழுந்துவிட்டார். மெத்தை வியாபாரத்துக்கும் இளமைக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் மனைவி வாசல் வரை கேட்டுக்கொண்டே போனார்.

அடுத்த வியாழக்கிழமை கமிட்டிச் செயலாளர் அம்பயரம்மாவைத் தேடி வீட்டுக்கே வந்தார். செயலாளர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளி நடத்துபவர். இருபது வருஷமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிரேக் மிதித்தே பழகியவர். பேச்சில் சங்கடம் வந்தால் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். அன்றைக்கு உட்கார்ந்ததிலிருந்து அழுத்திக்கொண்டே இருந்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. மெத்தைக்காரர் எழுத்துல புகார் குடுத்திருக்காரு. உங்களுக்குக் கண் பார்வை சரியில்லையாம். வேணும்னே அவரு டீமுக்கு எதிராத் தீர்ப்பு சொல்றீங்களாம். ரெண்டு தடவை அவமானப்படுத்தி வெளிய அனுப்பினீங்களாம்."

"மூணாவது தடவையும் அனுப்பியிருக்கணும். வண்டி மேல ஏறினாரு பாருங்க, அப்ப."

கால் தரையை அழுத்தியது. "நாளன்னைக்கு ஃபைனல். கமிட்டில பேசினோம். ஃபைனல்ல நீங்கதான் நிக்கிறீங்க, அதுல மாத்தமில்ல. ஆனா இன்னொரு தகராறு வந்துச்சு, யாரையாவது வெளிய அனுப்பினீங்கன்னா, அடுத்த வருஷம் வேற அம்பயரப் பாத்துக்கலாம்னு முடிவு. நான் எதிர்த்துத்தான் ஓட்டுப் போட்டேன் மேடம். நான் ஒருத்தன்தான்."

அவர் போன பிறகு அம்பயரம்மா வெகுநேரம் முகமூடியின் வாரைப் பிரித்துப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தார். அழுகை வரவில்லை. வயிற்றெரிச்சல் வந்தது. பதினோரு வருஷம் வெயிலில் நின்றவளை, எதிர் வீட்டுக்காரர் யாரென்று தெரியாத ஒரு மனுஷன் கண் தெரியாதவள் என்று எழுதிக் கொடுக்கிறான், நாலு பேர் உட்கார்ந்து அதற்கு ஓட்டுப் போடுகிறார்கள்.

அவர் வீட்டுக்காரர் பேருந்து பணிமனையில் நேரக் கணக்கு பார்ப்பவர். ஒரு நிமிஷம் தாமதம் என்றாலும் பொறுக்காதவர். "இதுல யோசிக்க என்ன இருக்கு? அந்தாளோட நம்பரு உன் கடைல இருக்கு. செயலாளர்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லு. புகாரு குப்பைக்குப் போயிரும்."

"எந்த நம்பரு? உங்களுக்கு யாரு சொன்னா?"

"நீதான்டி அன்னைக்கு ராத்திரிச் சாப்பாட்டுல சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறின. மெத்தைன்னு மட்டும் சொன்ன. மிச்சத்த நான் கணக்குப் போட்டுக்கிட்டேன்."

அம்பயரம்மாவுக்குச் சுருக்கென்றது. சிரித்ததே தப்பு என்று அப்போதுதான் உறைத்தது. "சிரிச்சது என் தப்பு. அது சாப்பாட்டுத் தட்டோட போகட்டும். வேலையே போனாலும் அந்த வார்த்தை என் வாய்லருந்து வராது. நீங்களும் வாயத் திறக்கக் கூடாது."

"நேரத்துக்குச் சொல்லாத உண்மை, பஸ் போனப்புறம் வாங்கின டிக்கெட்டு," என்று பணிமனைப் பாணியில் ஒரு பொன்மொழி உதிர்த்துவிட்டு அவர் தூங்கப் போனார். படுத்தது மெத்தைக்காரர் கடை மெத்தையில். நல்ல மெத்தை, குறை சொல்ல முடியாது.

ஃபைனல் அன்று படிகள் நிரம்பி வழிந்தன. நீலச்சட்டைக்கும் பச்சைச்சட்டைக்கும் ஆட்டம். கமிட்டிக்காரர்கள் ஐந்து பேரும் முன்வரிசையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மெத்தைக்காரர் பதாகைக்குக் கீழே புதுச் சட்டையில் நிமிர்ந்திருந்தார். கமிட்டியின் முடிவு அவருக்கும் தெரியும். கயிறு அம்பயரின் கழுத்தில் இருக்கிறது, இழுக்க வேண்டியதுதான் பாக்கி என்பது அவர் நினைப்பு.

முதல் பாதியிலேயே ஆரம்பித்தார். "அம்பயர்! கண்ண எங்க வச்சிருக்கீங்க, வீட்லயா?" அம்பயரம்மா முதுகைக் காட்டினார். பிளேட் துடைத்தார். ஊர் சிரித்தது. மெத்தைக்காரர் அடங்கவில்லை. அம்பயரம்மா தண்ணீர் குடித்தார். அதற்கும் அடங்கவில்லை. பாட்டிலை வைத்ததும் கை தன்னால் வாசல் பக்கம் எழப் பார்த்தது. முன்வரிசையில் செயலாளரின் வலது கால் தரையைப் போட்டு அழுத்து அழுத்தென்று அழுத்தியது. அம்பயரம்மா கையை மடக்கிக்கொண்டு மறுபடி குனிந்தார். அன்றைக்குக் கேச்சர் பெண்ணின் தோள் காதை விட்டு இறங்கவே இல்லை.

கடைசிப் பாதி. பச்சைச்சட்டைகள் ஒரு ரன் முன்னால். நீலச்சட்டைகள் மட்டை பிடிக்கிற முறை, மூன்று பேர் அவுட் ஆனால் முடிந்தது, ஒருத்தி ஏற்கெனவே அவுட். கேச்சர் பெண் மட்டையோடு வந்தாள், அடித்த அடியில் பந்து வேலி வரை உருண்டது, ஓடிப்போய் இரண்டாவது பேஸில் நின்றாள். மெத்தைக்காரர் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். "என் பொண்ணு! அதான் என் பொண்ணு!"

இங்கே ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும். கேச்சர் ஒருத்தி பேஸை அடைந்துவிட்டால், அவளுக்குப் பதிலாக அணியிலிருந்து இன்னொருத்தி வந்து நின்று மிச்சத்தை ஓடலாம். ஆட்டம் சமனாகி நீண்டால் கேச்சர் மறுபடி குந்த வேண்டுமே, அதற்குள் அவள் கால் காப்பு, நெஞ்சுக் காப்பு எல்லாம் மாட்டிக்கொள்ளட்டும் என்ற ஏற்பாடு. அப்படித்தான் நடந்தது. பயிற்சியாளர் கை காட்ட, அம்பயரம்மா தலையசைக்க, குட்டையான இன்னொரு பெண் ஓடிவந்து இரண்டாவது பேஸில் நின்றாள். கேச்சர் பெண் வெளியே வந்து, வேலியோரம், தன் அப்பாவின் நாற்காலிக்கு நாலடி பின்னால் உட்கார்ந்து கால் காப்பு கட்டிக்கொண்டிருந்தாள். மைதானத்தில் இதைப் பார்க்காதவர் ஒருத்தர்தான். அவர் நாற்காலி மேல் நின்று அடுத்த படிக்காரரிடம் தன் மகளின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்தவள் அடித்தாள். குட்டைப் பெண் தலை தெறிக்க ஓடினாள், மூன்றாவது பேஸைத் தாண்டி ஹோம் பிளேட்டுக்குச் சறுக்கினாள். பந்தும் வந்தது. புழுதி எழுந்தது. அம்பயரம்மா அந்தப் புழுதிக்குள் முகத்தை விட்டுப் பார்த்தார். பிளேட்டுக்கும் விரலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கும்போதே பச்சைச்சட்டை கேச்சரின் கையிலிருந்த பந்து அவள்மேல் பட்டுவிட்டது.

"அவுட்!"

மெத்தைக்காரர் நாற்காலியிலிருந்து குதித்து, வேலிக் கம்பிவலையைப் பிடித்து உலுக்கினார். "அநியாயம்! என் பொண்ணு கைய வச்சுட்டா! நான் என் ரெண்டு கண்ணால பார்த்தேன்! கமிட்டிக்காரங்களே, நீங்களே பாருங்க, இதுக்குத்தான் நான் புகாரு குடுத்தேன்!"

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. எந்தப் பொண்ணு?

அம்பயரம்மாவுக்கு மட்டும் விளங்கியது. நேராக வேலியை நோக்கி நடந்தார். முகமூடியைக் கழற்றினார். கம்பிவலைக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் மெத்தைக்காரர். நடுவே ஒரு முழம். மைதானத்தில் அவ்வளவு கிட்டத்தில் அந்த முகத்தை மெத்தைக்காரர் பார்த்ததே இல்லை. பார்த்தார். திறந்த வாய் திறந்தபடி நின்றது. இருட்டறை, சின்ன விளக்கு, நான்காவது வரிசையில் தான் செய்த ஊகம், அந்தம்மாவுக்குத்தான் மொதல்ல கண்ணாடி போடணும் என்று அளந்தது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவர் முகத்தில் வந்து போனது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த வார்த்தை அம்பயரம்மாவின் நுனி நாக்கில் வந்து உட்கார்ந்துவிட்டது. மைனஸ் இரண்டு, இரண்டே கால். கமிட்டி ஐந்து பேரும் காதைத் தீட்டிக்கொண்டு முன்வரிசையில் இருந்தார்கள். சொன்னால் போதும், அடுத்த பதினோரு வருஷம் அவருடையது. சொல்லாமல் விட்டால், இந்தத் தகராறோடு எல்லாம் முடிந்தது. அவர் அந்த வார்த்தையை விழுங்கினார். பிறகு, இருட்டறைக் குரலில், தூங்குகிற குழந்தையைக்கூட எழுப்பாத அதே குரலில் கேட்டார்.

"நிதானமாப் பாருங்க. எது தெரியுதோ அதச் சொன்னாப் போதும்."

மெத்தைக்காரருக்கு வேர்த்தது. கம்பிவலையிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார். அப்போதுதான் பின்னாலிருந்து, நாலடி தூரத்திலிருந்து, ஒரு சின்னக் குரல் வந்தது.

"அப்பா, நான் இங்க இருக்கேன்."

மெத்தைக்காரர் திரும்பினார். ஒரு காலில் காப்பு கட்டி, ஒரு காலில் கட்டாமல், மகள் நின்றுகொண்டிருந்தாள்.

"ஓடினது நான் இல்லப்பா. நான் அப்பவே வந்துட்டேன்."

அப்புறம் மூன்றாவது படி மாமா, இடது கண் பேருக்கு இருக்கிறவர், முதல் ஆளாகச் சிரித்தார். பிறகு படிகள் மொத்தமும் சிரித்தது. செயலாளரின் கால் பிரேக்கை விட்டது. புகார்க் காகிதத்தைக் கையில் வைத்திருந்த கமிட்டிக்காரர் அதை மடித்து விசிறிக்கொள்ள ஆரம்பித்தார். மகள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் அப்பாவின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். தலையைக் குனிந்துகொண்டு அவர் உட்கார்ந்ததைப் பார்த்தபோது அம்பயரம்மாவுக்கு, இத்தனை நாள் காத்திருந்த சந்தோஷம் வரவில்லை. பாவமாக இருந்தது. "ஆட்டம் நடக்கட்டும்!" என்று கத்திவிட்டுப் பிளேட்டைத் துடைக்கப் போனார். சுற்றி வந்து, ஜனங்களைப் பார்த்தபடிதான் குனிந்தார்.

நீலச்சட்டைகள் ஒரு ரன்னில் தோற்றார்கள். புகாரை யாரும் எடுத்துப் படிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மெத்தைக்காரர் கடைக்கு வந்தார். இந்தத் தடவை யாரும் இழுத்து வரவில்லை. மடித்த அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். "நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல, எல்லார் முன்னாலயும்?"

"எதைச் சார்?" என்றார் அம்பயரம்மா. "பிரேம் கறுப்பா, பழுப்பா?"

மெத்தைக்காரர் பழுப்பை எடுத்தார். வயசான களை வந்ததா என்றால், வந்தது. வியாபாரம் குறையவில்லை.

அடுத்த வருஷத்து முதல் ஆட்டம். மெத்தைக்காரர் பதாகைக்குக் கீழே, மூக்கில் கண்ணாடியோடு. ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரம் ஒரு சத்தமும் இல்லை. படிகளில் இருந்தவர்களுக்கே பயமாகிவிட்டது. உடம்பு கிடம்பு சரியில்லையோ என்று ஒருத்தர் போய்க் கேட்டார். மெத்தைக்காரர் மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "என் பொண்ணு ஆடும்போது சிரிக்கிறா," என்றார். "எப்பவும் சிரிப்பாளா?"

"எப்பவும் சிரிப்பா. நீங்க கத்தினா நிறுத்திருவா," என்றார் கேட்டவர்.

அப்புறம் அவள் மட்டை பிடிக்க வந்தாள். இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது. மூன்றாவது பந்து தாழ்வாக வந்தது, அவள் விட்டுவிட்டாள். அம்பயரம்மாவின் கை, எப்படி எழுந்ததோ, எழுந்துவிட்டது. "ஸ்ட்ரைக்! அவுட்!" சொல்லி முடிக்கும்போதே தெரிந்துவிட்டது. பந்து முழங்காலுக்குக் கீழே போனது. நாலு விரற்கடை கீழே. தப்பு. பச்சைத் தப்பு. வருஷத்தில் இப்படி இரண்டு மூன்று நடக்கும். வீட்டுக்காரரிடம் மட்டும் ஒப்புக்கொள்வார். ஸ்ட்ரைக்கை அம்பயர் திருப்பி வாங்குவது கிடையாது. வாங்கினால் அடுத்த பந்திலிருந்து ஊரே அம்பயர் ஆகிவிடும்.

மெத்தைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். வாய் திறந்திருந்தது. மட்டையைத் தோளில் சாய்த்தபடி மகள் அவரைப் பார்த்தாள்.

பிளேட்டில் நிஜமாகவே புழுதி இருந்தது. யாரும் கத்தவில்லை. ஆகவே நாகரிகப்படி சுற்றி வந்து, ஜனங்களைப் பார்த்துத்தான் குனிந்தாக வேண்டும். அம்பயரம்மா குனிந்தார். நிமிராமலே கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தார். மெத்தைக்காரர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துவிட்டு, மாட்டாமலே உட்கார்ந்தார். அம்பயரம்மாவுக்குக் காது சுட்டது. இத்தனை வருஷத்தில் எந்த வசவும் அப்படிச் சுட்டதில்லை.

ஆட்டம் முடிந்து, அம்பயர்கள் போகிற சின்ன வாசலில் மெத்தைக்காரர் நின்றிருந்தார். கண்ணாடி மறுபடி மூக்கில் ஏறியிருந்தது.

"கண்ணாடில ஒரு சின்னக் கோளாறு மேடம்."

"என்ன சார்? மூக்குல அழுத்துதா? தலை சுத்துதா?"

"ரொம்ப நல்லாத் தெரியுது."

அம்பயரம்மா தூரிகையைப் பைக்குள் திணித்தார். கடையில் எல்லாரிடமும் சொல்வது வாய்க்கு வந்துவிட்டது. "ஒரு வாரத்துல பழகிடும்."

"எனக்கா மேடம், உங்களுக்கா?"

ஆட்டம் முடிந்து பத்து நிமிஷம் ஆகியிருந்தது. அம்பயரம்மா முகமூடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டு, அப்படியே வீட்டை நோக்கி நடந்தார்.